அளவும் ஆய்வாளரும்



புதுவையிலிருந்து கடலூர்ச் சாலை வழியே முதலியார்பேட்டைக்கு வருவோர் நெடிய மதில் ஒன்றைக் கண்டிருப்பர். அம்மதிலுக்குள்ளே 1898-ஆம் ஆண்டு தோன்றி, 2020-ஆம் ஆண்டு மூடப்பெற்ற ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை இருந்தது. எங்கள் ஊரார் அதனை ரோடியர் மில் என்றே வழங்குவர். நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. ஆலையின் சங்கு ஊதும், அடுப்பு மூளும், பள்ளிக்குப் புறப்படுவோம்.

என் சிறிய தந்தையார் அவ்வாலையில் துணி பார்க்கும் பகுதியில் வேலை செய்தார். தறியிலிருந்து இறங்கிய துணியைச் சாய்வான பலகை ஒன்றின் மேல் இழுத்து, விளக்கொளியில் நின்று கண்ணால் துழாவுவதே அவர் தொழில். அறுந்த இழை, விடுபட்ட ஊடை, எண்ணெய்க்கறை, துளை என ஒவ்வொன்றையும் கண்டு சுண்ணக்கட்டியால் குறியிடுவார். வீட்டிற்கு வந்தாலும் அவர் கண் ஓயாது. திருமணத்திற்குச் சென்றால், மணமகளின் முகத்தைப் பார்க்குமுன் கூறைச் சேலையின் கரையைப் பார்த்துவிடுவார் என்று என் சிறிய தாயார் கூறுவது வழக்கம். “ஒரு முழத் துணியும் நூற்காமல், ஒரு முழமும் நெய்யாமல், பிறர் செய்ததில் குற்றம் காண்பதற்கா உங்களுக்குச் சம்பளம்?” என்று நான் ஒருநாள் துடுக்காகக் கேட்டேன். அவர் சினக்கவில்லை. “காசு கொடுத்து வாங்குபவன் இங்கே வந்து நிற்க முடியாது. அவனுக்குப் பதில் நான் நிற்கிறேன்” என்றார்.

தர ஆய்வாளரின் பணியை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன நூலை நான் இன்றுவரை படித்ததில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது துணியைப் பற்றியன்று. இரும்பையும் எஃகையும் மயிரிழையினும் மெல்லிய அளவில் கடைந்து தேய்த்து உருவாக்கும் நுண்ணளவுத் தொழிலில், அப்பணியைச் செய்பவரைப் பற்றியே பேசவிருக்கிறேன்.

முதலில் அளவைப் பற்றிச் சிறிது. மில்லிமீட்டர் என்பதை நாம் அறிவோம். பள்ளிச் சிறுவனின் அளவுகோலில் அடுத்தடுத்துள்ள இரு சிறு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் அது. அதனை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு ஒன்றைச் செய்யுமாறு வரைபடம் கூறுகிறது என்று கொள்வோம். மிகச் சரியாக 40 மில்லிமீட்டர் உள்ள தண்டை உலகில் எவராலும் செய்ய இயலாது. இன்று ஒரு மைக்ரான் கூடும். நாளை இரண்டு குறையும். ஆகவே வரைபடம் எழுதுபவர் ஓர் எல்லை வகுக்கிறார். 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதிலிருந்து 16 மைக்ரானுக்குக் கீழே இறங்கவும் கூடாது. இவ்விரு கரைகளுக்கு இடையே தண்டு எங்கிருந்தாலும் அது நல்ல தண்டு. இந்த இடைவெளிக்குப் பட்டறையில் டாலரன்ஸ் என்று பெயர். பொறுக்கும் அளவு என்று நாம் சொல்லலாம். பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டென்பதை எண்ணால் எழுதிக் காட்டும் தொழில் இஃது ஒன்றுதான் என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு.

இத்துணை நுட்பம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பழங்காலக் கொல்லர் ஒரு பூட்டுச் செய்தால் அதன் திறவுகோலையும் அவரே செய்தார். ஒன்றோடொன்று பொருந்தும்வரை அரத்தால் தேய்த்தார். பூட்டின் ஓர் உறுப்பு உடைந்தால் அவரிடமே செல்ல வேண்டும். 1785-ஆம் ஆண்டில், பாரிசு நகரத்தில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமசு செஃபர்சன், ஒனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கித் தொழிலாளர் ஒருவரின் பட்டறையைக் கண்டார். அங்கே துப்பாக்கி விசையின் உறுப்புகள் தனித்தனிக் குவியல்களாக இருந்தன. செஃபர்சன் தம் கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துப் பூட்டினார், எல்லாம் பொருந்தின! வியந்துபோய்த் தம் நாட்டிற்குக் கடிதம் எழுதினார். எந்த உறுப்பும் எந்த உறுப்போடும் பொருந்த வேண்டுமாயின், அவற்றைச் செய்வோர் தம் கண்ணையும் கைப்பழக்கத்தையும் மட்டும் நம்பினால் போதாது. எல்லாருக்கும் பொதுவான அளவுகருவி வேண்டும். அக்கருவியோடு ஒருவர் நடுநின்று பார்த்தலும் வேண்டும். நம் வீட்டு மிதிவண்டியின் குண்டு தேய்ந்துவிட்டால் கடையில் எட்டணாவுக்குக் குண்டு வாங்கிப் போட்டோமே, அதற்குப் பின்னால் இத்தனை ஏற்பாடு இருந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் பிறந்த எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு. ஆய்வாளர் மேசையில் உள்ள கருவிகளிற் பல பிரெஞ்சு மண்ணோடு உறவுடையன. வெர்னியர் அளவுகோலின் நுட்பத்தை 1631-இல் வெளியிட்ட பியேர் வெர்னியே, இன்றைய பிரான்சின் எல்லைக்குள் உள்ள ஒர்னான் என்னும் ஊரினர். திருகி அளக்கும் மைக்ரோமீட்டருக்கு 1848-இல் உரிமை பெற்றவர் பாரிசைச் சேர்ந்த பால்மர். பிரெஞ்சு மொழியில் இன்றும் அக்கருவிக்கு அவர் பெயரே வழங்குகிறது. மீட்டரோ பிரெஞ்சுப் புரட்சியின் குழந்தை. ஆயினும் பட்டறைகளுக்குப் பெருந்துணை செய்தவர் சுவீடன் நாட்டு யோகான்சன் என்பவர். கண்ணாடிபோல் மெருகிட்ட சிறு எஃகுக் கட்டிகளை அவர் செய்தார். இரண்டு கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சற்றே அழுத்தித் தள்ளினால், பசையின்றி ஒட்டிக்கொள்ளும். சில கட்டிகளை இவ்வாறு அடுக்கி, வேண்டிய அளவு எதனையும் ஆக்கிக்கொள்ளலாம். ஸ்லிப் கேஜ் என்று பட்டறையில் அழைப்பது இதனையே.

எல்லாவற்றினும் எளியது மற்றொன்று. துளையைச் சோதிக்கும் கோல் அது. அதன் ஒரு முனை சிறிது மெலிந்தது; மற்ற முனை சிறிது பருத்தது. மெலிந்த முனை துளைக்குள் நுழைய வேண்டும். பருத்த முனை நுழையக் கூடாது. முதல்முனை நுழையாவிடில் துளை சிறிது. இரண்டாம் முனையும் நுழைந்துவிட்டால் துளை பெரிது. எண்ணும் எழுத்தும் அறியாதவரும் இதனைக் கொண்டு ஒரு நாளில் ஆயிரம் துளைகளைச் சோதிக்கலாம். ‘கோ’ என்றும் ‘நோ-கோ’ என்றும் அம்முனைகளுக்குப் பெயர். வீட்டு வாயிலில் நிற்கும் பாட்டியார், வருவோரிற் சிலரை உள்ளே விடுவதையும் சிலரைத் திண்ணையோடு அனுப்புவதையும் இது எனக்கு நினைவூட்டும்.

கருவி நல்லதாயிருந்தால் ஆய்வும் நன்றாயிருக்கும் என்று எண்ணிவிடலாகாது. என் மாணவர் ஒருவர் வாயிலாக நான் கற்ற பாடம் இதைப் பற்றியதே.

அவர் எங்கள் பள்ளியில் படித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் தேர்ந்து, புதுவையை அடுத்த தொழிற்பேட்டை ஒன்றில் உள்ள சிறிய தொழிலகத்தில் தர ஆய்வாளராகச் சேர்ந்தவர். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என்னை அழைத்துச் சென்று காட்டினார். அங்கே எஃகுத் தண்டுகளைத் தேய்த்து முடிக்கும் வேலையைச் செய்பவர் ஐம்பத்தைந்து வயதான தொழிலாளி. முன்பிருந்த வேலையிடம் மூடப்பட்டதால், இந்த வயதில் இளைஞர்களோடு வரிசையில் நின்று வேலை தேடி வந்தவர். முடித்துக் கொடுக்கும் எண்ணிக்கைக்குத் தக்கபடி அவருக்குக் கூலி.

கத்திரி வெயிற்காலம். காலையில் தொடங்கி அவர் முந்நூறு தண்டுகளைத் தேய்த்து முடித்துத் தட்டுகளில் அடுக்கிச் சன்னலோரம் வைத்திருந்தார். நான் மேலே சொன்ன அதே 40 மில்லிமீட்டர்த் தண்டுகள்தாம். பிற்பகலில் என் மாணவர் அவற்றைக் குளிரூட்டிய ஆய்வறைக்குக் கொண்டுவரச் செய்து, மைக்ரோமீட்டரால் அளந்தார். முதல் தண்டு ஐந்து மைக்ரான் மிகுதி. இரண்டாவது ஆறு மைக்ரான் மிகுதி. பத்தை அளந்தார், பத்தும் மிகுதி. முந்நூறையும் தள்ளி, சிவப்புச் சீட்டுக் கட்டி, மேலும் 12 மைக்ரான் தேய்க்குமாறு எழுதி அனுப்பிவிட்டார்.

முதியவர் ஆய்வறைக்கு வந்தார். “தம்பி, ஒவ்வொன்றையும் நான் அளந்துதான் வைத்தேன். எல்லைக்குள் ஆறு மைக்ரான் குறைவாகவே இருந்தது” என்றார்.

“என் கருவி பொய் சொல்லுமா அண்ணே? போன மாதந்தான் சரிபார்த்து வந்தது. சீட்டைப் பாருங்கள்” என்றார் இளைஞர்.

முதலாளி வந்தார். மறுநாள் சரக்குப் போக வேண்டும். அவர் தொழிலாளியைப் பார்த்த பார்வையில் அவ்வளவும் அடங்கியிருந்தது என்று என் மாணவர் கூறினார். முதியவர் மறுத்துப் பேசவில்லை. “இன்றிரவு அவை இந்த அறையிலேயே இருக்கட்டும். காலையில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் மிகுதியாயிருந்தால் கூலி வேண்டாம், நானே தேய்த்துத் தருகிறேன்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாட் காலையில் அளந்தபோது, பத்துத் தண்டுகளும் எல்லைக்குள் ஐந்தாறு மைக்ரான் குறைந்தே இருந்தன!

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பில் நானே ஆண்டுதோறும் நடத்திய பாடந்தான். எஃகு சூடேறினால் விரியும். ஒரு மீட்டர் எஃகு, ஒரு பாகை சூட்டுக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். சன்னல் வெயிலில் கிடந்த தண்டுகள் 45 பாகைச் சூட்டில் இருந்தன எனலாம். ஆய்வறையோ 20 பாகை. 25 பாகை வேறுபாட்டில் 40 மில்லிமீட்டர்த் தண்டு 11 மைக்ரானுக்கு மேல் பருத்துவிடும். உலகெங்கும் நீள அளவுகளுக்கு 20 பாகை என்னும் வெப்பநிலையை அடிப்படையாக வகுத்திருப்பது இதனாலேயே. அப்படியானால் முதியவர் வெப்பமான பட்டறையில் அளந்தது மட்டும் எப்படிச் சரியாயிற்று? காலையில் அவர் கையிலிருந்த தண்டும் பட்டறைச் சூட்டில் இருந்தது. அவருடைய எஃகு மைக்ரோமீட்டரும் அதே சூட்டில் இருந்தது. இரண்டும் ஒருங்கே விரிந்தன, அளவு மாறவில்லை. ஆய்வறையில் கருவி குளிர்ந்திருந்தது. தண்டு மட்டும் சூடாயிருந்தது. குளிரூட்டிய அறையை மட்டும் நம்பியதால் வந்த பிழை இது.

சிவப்புச் சீட்டில் எழுதியபடி 12 மைக்ரான் தேய்த்திருந்தால் என்னவாகியிருக்கும்? முந்நூறு நல்ல தண்டுகளும் கீழ் எல்லையையும் கடந்து, பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த முதியவர் நிலை என்னவாயிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளியியலார் இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துக் கூறுவர். கெட்டதை நல்லதென்று விடுத்தல் ஒன்று. அதனால் வாங்குவோர்க்குக் கேடு. நல்லதைக் கெட்டதென்று தள்ளுதல் மற்றொன்று. அதனால் செய்தோர்க்குக் கேடு. முதல் பிழைக்கு அஞ்சும் ஆய்வாளர்கள் பலர், இரண்டாம் பிழையைப் பிழையாகவே எண்ணுவதில்லை. கண்டிப்பானவர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. நானும் அப்பெயரோடு வாழ்ந்தவன்தான். ஆசிரியப் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவனுக்கு 31 மதிப்பெண் இட்டுத் தோல்வி என்று எழுதினேன். விடைத்தாளின் கடைசிப் பக்கத்திலிருந்த ஆறு மதிப்பெண்ணைக் கூட்டத் தவறிவிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவன் வாய்திறக்கவில்லை. அடுத்திருந்த பையன்தான் கண்டு சொன்னான். அதற்குள் அவன் வீட்டில் வாங்கவேண்டிய அடியை வாங்கி முடித்திருந்தான். ஆசிரியர் பயிற்சியில் மதிப்பிடுதல் பற்றி எனக்கு எவ்வளவோ கற்பித்தார்கள். கூட்டலை இருமுறை பார் என்று அந்தப் பையன்தான் கற்பித்தான்.

கருவியை ஐயுறாத குற்றம் சிறு பட்டறைகளுக்கு மட்டும் உரியதன்று. 1990-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கர் விண்ணில் ஏற்றிய ஹபிள் தொலைநோக்கியை நேயர்கள் அறிவர். அதன் பெரிய ஆடியின் குறுக்களவு 2.4 மீட்டர். அதன் மெருகு வியக்கத்தக்கது. ஆனால் வடிவம் தவறு. விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரான் அளவு மட்டமாகிப் போயிருந்தது. விண்மீன்கள் மங்கித் தோன்றின. காரணம் யாது? ஆடியின் வடிவத்தைச் சோதிக்க அமைத்த கருவியில் ஒரு வில்லை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் விலகி இருந்தது. கோணிய கருவி சொன்னபடி ஆடியும் கோணலாகவே, ஆனால் மிகுந்த துல்லியத்தோடு தேய்க்கப்பட்டது. இதில் வருத்தத்திற்குரிய செய்தி வேறு. வேறு எளிய கருவிகளால் செய்த சோதனைகள் பிழை இருப்பதை அப்போதே காட்டின. சிறந்த கருவி சரி என்கிறது, எளிய கருவியை ஏன் நம்ப வேண்டும் என்று அவற்றைத் தள்ளிவிட்டனர். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, கண்ணுக்குக் கண்ணாடி அணிவிப்பதுபோல் திருத்தும் ஒளிக்கருவியைப் பொருத்திய பின்னரே பார்வை தெளிந்தது.

மற்ற பிழைக்கு, அதாவது கெட்டது தப்பிச் செல்வதற்கு, நம் வங்கக் கடலோரமே சான்று தருகிறது. 2006-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் மாலை, சிறிஅரிக்கோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலம் இன்சாட்-4சி என்னும் செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அது வழிதவறிச் சிதைந்து கடலில் வீழ்ந்தது. அதன் பக்கங்களில் நான்கு விகாசு எந்திரங்கள் இருந்தன. பிரெஞ்சுக்காரரின் வைகிங் எந்திரத்திலிருந்து நம் அறிஞர்கள் கற்று உருவாக்கியது அந்த விகாசு. நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுவது. அந்நான்கனுள் ஒன்று, கலம் எழுந்தவுடனே வலுவிழந்தது. ஆராய்ந்த குழுவினர் கண்டது என்ன? எரிபொருள் செல்லும் அளவை ஆளும் சீராக்கி ஒன்று, விடவேண்டியதைவிட மிகுதியாக விட்டது. அதனைச் செய்கையில் அறியாமல் நேர்ந்த பிழை, பின் நடந்த ஆய்வுகளிலும் அகப்படாமல் தப்பியிருக்கலாம் என்று அவர்கள் கூறினர். எத்தனையோ கைகள் செய்த எத்தனையோ உறுப்புகள் சரியாயிருந்தன, ஒன்று தப்பியது. உறுப்புகளைச் செய்வதிலும் ஆய்வதிலும் கண்டிப்பான கட்டுப்பாடு வேண்டும் என்று குழு வற்புறுத்தியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் அதே வகைக் கலம் இன்சாட்-4சிஆர் என்னும் கோளை விண்ணில் சேர்த்தது.

ஆய்வாளர் வாயிற்காவலர் மட்டுமல்லர் என்ற கருத்தை 1924-இல் அமெரிக்கராகிய வால்டர் சூவார்ட்டு ஒரு வரைபடத்தால் விளக்கினார். செய்து முடித்த பிறகு பொறுக்கித் தள்ளுவதைவிட, செய்துகொண்டிருக்கும்போதே அவ்வப்போது சிலவற்றை அளந்து புள்ளியிட்டு வந்தால், எந்திரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பிழை நேருமுன்னரே புலப்படும் என்பது அவர் கண்டது. நாடு விடுதலையடைந்த வேளையில், 1947-48-இல், பேராசிரியர் மகாலநோபிசின் அழைப்பில் அவர் இந்தியாவிற்கு வந்து இம்முறையைப் பரப்பினார்.

இனி, ஆய்வாளரின் கருவியை யார் ஆய்வது? பட்டறை மைக்ரோமீட்டரை எஃகுக் கட்டிகளால் சரிபார்ப்பர். கட்டிகளை அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலைக்கு அனுப்புவர். அச்சோதனைச்சாலையின் அளவு, புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவோடு ஒப்பிடப்படும். அங்கே மீட்டர் என்பது ஓர் உலோகக்கோல் அன்று. 1983 முதல் ஒளியின் வேகத்தைக் கொண்டே அது வரையறுக்கப்படுகிறது. முதலியார்பேட்டைக்கு அருகே ஓர் இளைஞர் கையில் பிடித்த கருவியிலிருந்து ஒளிக்கதிர்வரை இச்சங்கிலி அறாமல் செல்கிறது. நம் முன்னோர்க்கும் இவ்வேட்கை புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னை எடைபோட ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரிட்ட எடைக்கல்லைப் பயன்படுத்தியதை அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. எவர் நிறுத்தார் என்பதோடு எக்கல்லால் நிறுத்தார் என்பதையும் கல்லில் வெட்டி வைத்தனர்.

நல்ல தொழிலகங்களில் ஆய்வாளரை உற்பத்தித் தலைவரின் கீழ் வைப்பதில்லை. இன்று மாலைக்குள் ஆயிரம் அனுப்ப வேண்டும் என்று கணக்கிடுபவரே, ஆயிரத்தில் ஐம்பது தேறாது என்று எழுதவும் வேண்டுமாயின், மனிதர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிய நூல் படிக்க வேண்டியதில்லை. சிறு பட்டறைகளில் அந்த வசதி கிடையாது. முதலாளியும் விற்பனையாளரும் கணக்கரும் ஒருவரே. ஆய்வாளர் அவரிடமே சம்பளம் வாங்க வேண்டும். அங்கே ஆய்வாளருக்குத் துணை, அவர் எழுதும் பதிவேடு ஒன்றே. எதனை, எப்போது, எக்கருவியால் அளந்தேன், என்ன கண்டேன் என்று அதில் எழுதிக் கையொப்பம் இடுகிறார். பின்னாளில் எங்கோ ஓர் எந்திரம் உடைந்தால், அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவர்.

என் மாணவர் அப்பதிவேட்டை எனக்குக் காட்டினார். முந்நூறு தண்டுகளைத் தள்ளிய குறிப்பு அங்கேயே இருக்கிறது. அதனை அவர் அடித்து அழிக்கவில்லை. அதன் கீழே, மறுநாள் தேதியிட்டு, “நேற்று அளந்தபோது தண்டுகள் சூடாயிருந்தன. தவறு என்னுடையது. முந்நூறும் ஏற்கப்பட்டன” என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். இதை எழுதவேண்டாம், வாங்குவோர் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று முதலாளி தடுத்தாராம். சிலநாள் அவரோடு பேச்சும் இல்லையாம். பின்னர் வாங்குவோர் தரப்பிலிருந்து வந்தவர் அப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார் என்றார்.

ஆய்வறைக்குள் நுழையுமிடத்தில் இப்போது ஒரு கல்மேசை போடப்பட்டிருக்கிறது. தேய்த்து முடித்த தண்டுகள் முதலில் அதன்மேல் கிடந்து குளிர வேண்டும். சுவரில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. அதன் கீழே, அந்த முதியவர் தம் கையாலேயே சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறார்: “ஆறிய பின் அளக்கவும்.”